தேன்பெட்டி ஸ்டாண்டுக்கு எறும்புத்தடை: மோல்டு வெட்டலாமா, முதல்ல பேட்டண்டா?

திற்பரப்பு_தேன்

வணக்கம். குமரி மாவட்டம் குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டங்கள்ல ஒத்தைக்கால் ஸ்டாண்டுலதான் பெரும்பாலும் தேன்பெட்டி வைக்கோம். மழை மாசங்கள்ல முசுறும் கட்டெறும்பும் ஏறினா பலம் குறைஞ்ச கூடு நிக்காது, தேனீ பெட்டியை விட்டுட்டுப் போயிரும். காலைச் சுத்தி கிரீஸ் துணி கெட்டுவோம், இல்லன்னா பழைய டப்பாவை வெட்டி எண்ணெய் ஊத்துவோம். ரெண்டும் ஒரு நல்ல மழை வரைக்கும்தான்.

இதுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டக் கிண்ணம் செஞ்சிருக்கேன். நடுவுல கால் நுழையுற துளை, சுத்தி தண்ணியும் எண்ணெயும் நிக்க பள்ளம், மேல குடை மாதிரி மூடி. ஸ்டாண்டைப் பிடுங்காம மாட்டுறதுக்காக ரெண்டு பாதியா செஞ்சு நடுவுல கிளிப் போட்டிருக்கேன். வெளி விட்டம் 160 மி.மீ., ஆழம் 50, மூடி 220. கையால செஞ்ச 40 எண்ணம் இப்ப தோட்டத்துல இருக்கு.

கிண்ணத்துக்கு மட்டும் இன்ஜெக்‌ஷன் மோல்டு (உருக்கின பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்குற இரும்பு அச்சு) சுமார் 3 லட்சம்னு சொல்லுறாங்க. மொத்தமா கையில 5 லட்சம் இருக்கு. மோல்டு வெட்டிரலாமா? பேட்டண்ட் எடுத்துட்டுத்தான் வெளியே காட்டணுமா? எத்தனை வித்தா போட்ட காசு திரும்பும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மோல்டுகாரர்

இப்போது வெட்டாதீர்கள். வடிவம் இன்னும் முடியவில்லை. இரும்பில் வெட்டிய பிறகு திருத்துவதென்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் காசு, தனி நாள்.

முதல் சிக்கல் இரண்டு பாதி. கிண்ணத்தைப் பாதியாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதிக்கும் இரு முனையிலும் ஒரு தடுப்புச் சுவர் வரும். அந்தச் சுவரின் மேல்விளிம்பு வெளிச்சுவரையும் உள்சுவரையும் இணைக்கிறது. எறும்புக்கு அது நடைபாலம், எண்ணெயில் கால் வைக்கவே வேண்டாம். சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ரப்பர் வைத்து ஒட்டினால், வெயிலில் பிளாஸ்டிக் கோணி மூன்றாம் மாதம் இணைப்பில் கசியும். கிளிப்பும் முதலில் அங்கேதான் உடையும். ஆகவே ஒரே துண்டாகச் செய்யுங்கள். தேனுக்காகப் பெட்டிகளை இடம் மாற்றும்போது ஸ்டாண்டை எப்படியும் பிடுங்குகிறார்கள். அப்போது கீழ்முனையிலிருந்து நுழைத்துக்கொள்ளலாம். காங்கிரீட்டில் ஊன்றிய கால்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், உள்துளைக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அரை மில்லிமீட்டர் இருந்தாலும் சிற்றெறும்பு கிண்ணத்தைத் தொடாமல் நேராக மேலே போய்விடும். ஜிஐ பைப்பின் வெளி விட்டம் ஒன்றேகால் இஞ்சுக்கு 42.4 மி.மீ., ஒன்றரை இஞ்சுக்கு 48.3, இரண்டு இஞ்சுக்கு 60.3. மூன்றுக்கும் மூன்று கிண்ணம் என்று போனால் மூன்று மோல்டு. உள்துளையை 62 மி.மீ. என்று ஒரே அளவில் வைத்து, மீதி இடைவெளியை ரப்பர் புஷ்ஷால் (வளையம் போன்ற அடைப்பால்) அடையுங்கள். ரப்பருக்குக் கம்ப்ரஷன் மோல்டு (ரப்பரை நடுவே வைத்து அழுத்தும் அச்சு) போதும், இன்ஜெக்‌ஷன் மோல்டு விலையில் சிறு பங்குதான் ஆகும்; ஒரே தட்டில் எட்டுப் பத்து எண்ணம் அடிக்கலாம்.

நம் மாவட்டத்து ரப்பரிலேயே செய்யலாமே என்று தோன்றும். இந்த வேலைக்கு இயற்கை ரப்பர் சரிவராது. இழுத்து மாட்டிய நிலையில் வெயிலும் ஓசோனும் பட்டால் அது வெடிக்கும், மினரல் எண்ணெய் பட்டால் ஊதும். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், ஷோர் ஏ 50 அளவுக் கடினம் என்று கேளுங்கள். வெயிலை அது தாங்கும். எண்ணெயை அதுவும் தாங்காது. அதனால் புஷ்ஷை உள்குழாய்க்குள் வைத்து, குழாயின் உயரத்தை வெளிச்சுவரைவிட 20 மி.மீ. கூட்டி 70 ஆக்குங்கள். எண்ணெய் அந்தப் பக்கம் போகாது.

மூடியின் நடுத்துளைக்கும் இதே புஷ் வேண்டும். அங்கே அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் கால் வழியாகவே இறங்கிக் கிண்ணத்தை நிரப்பும். எண்ணெய் மிதப்பது என்பதால், நிரம்பி வழியும்போது முதலில் வெளியேறுவது எண்ணெய்தான். பெரும்பாலான எறும்புக் கிண்ணங்கள் தோற்பது இந்த இடத்தில். மூடியின் ஓரம் கிண்ண விளிம்பைவிடக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கட்டும், பக்கவாட்டில் 30 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இடைவெளியைக் குறைத்தால் முசுறு ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலி போட்டுத் தாண்டும். காய்ந்த ரப்பர் இலை ஒன்று குறுக்கே விழுந்தாலும் போதும்.

இனி பிளாஸ்டிக். பிபி (பாலிப்ரொப்பிலீன்) கோபாலிமர் கேளுங்கள். ஹோமோபாலிமர் கீழே விழுந்தால் உடையும். சுவர் 2 மி.மீ., எங்கும் ஒரே தடிமன். கருப்பு நிறமே நல்லது. கார்பன் பிளாக் 2 சதவீதம் அளவில் நன்றாகக் கலந்தால் அதுவே வெயில் பாதுகாப்பு. மறுசுழற்சிப் பொருள் கிலோவுக்கு மலிவு, ஆனால் ஒரு கோடை தாண்டுமா என்பது ஒவ்வொரு மூட்டைக்கும் மாறும். அச்சிலிருந்து கழன்று வர வெளிச்சுவருக்கு 1 டிகிரி சரிவு போதும். உள்குழாய் குளிரும்போது சுருங்கி அச்சின் நடுத்தண்டை (கோர்) இறுக்கிப் பிடிக்கும், அதனால் அதற்கு ஒன்றரை டிகிரி, 70 மி.மீ. உயரத்துக்கு ஒரு பக்கம் 1.8 மி.மீ. போய்விடும், புஷ் அளவை அதற்கேற்பக் கூம்பாக வையுங்கள். பிபி சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். 62 துளைக்கு அது கிட்டத்தட்ட 1 மி.மீ., வரைபடத்தில் முன்பே சேர்க்க வேண்டும்.

கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) எங்கே என்று மோல்டு செய்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஓரத்தில் ஒரே கேட் வைத்தால் உருகிய பிளாஸ்டிக் இரு பக்கமும் சுற்றிப் போய் எதிர்ப்புறம் சந்திக்கும். அந்த வெல்டு லைன்தான் தண்ணீர் நிற்கும் பாத்திரத்தில் முதலில் விரியும். உள்துளையின் நடுவே வட்டத்தட்டு போல டயாஃப்ரம் கேட் வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஓடும். பிறகு அந்தத் தட்டை வெட்டி எடுக்கும் கூலி ஒன்று வரும். கொடுக்கலாம்.

படிவம்_எழுதுபவர்

பேட்டண்ட் பற்றிய கேள்விக்கு விடை. விரும்பாத விடையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பேட்டண்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பொருள் பொதுவெளியில் தெரிந்ததாக இருக்கக்கூடாது. சில நாடுகளில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு சலுகை உண்டு. இங்கே 12 மாதச் சலுகை மிகக் குறுகியது: அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் அமைப்பின் முன் படித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்கு மட்டும். இந்தத் திரியில் கிண்ணம், மூடி, இரண்டு பாதி, அளவு என்று எழுதிய நொடியிலேயே அவை வெளியாகிவிட்டன. மோல்டுகாரர் சொன்ன புஷ் யோசனையும் அப்படியே. இனி யாரும் அதைத் தனதென்று கோர முடியாது, நீங்களும்தான்.

வெளியாகாமல் இருந்திருந்தாலும் வழி எளிதல்ல. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழையது, மழைக்கு மூடியும் பழையது. இரண்டும் சேர்வதால் புதிதாக ஒரு விளைவு வருகிறது என்று காட்டினால்தான் பரிசோதகர் விடுவார்.

அதற்காகப் பேட்டண்டை மறந்துவிட வேண்டாம். இனி புதிதாக ஒன்று தோன்றினால், உதாரணமாக எண்ணெயை விட்டுவிட்டு மழைநீரை மட்டும் வெளியேற்றும் ஓர் அமைப்பு, அதை இங்கே எழுதாமல் முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்கு முன்னுரிமைத் தேதியாக நிற்கும். 12 மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும், தராவிட்டால் கைவிட்டதாகக் கருதப்படும். பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும்: படிவம் 18, தனிநபருக்கு 4,000 ரூபாய், முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். இதைத் தவறவிட்டு விண்ணப்பத்தை இழந்தவர்கள் அதிகம், ஏனென்றால் விண்ணப்பம் போட்டதும் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அரசுக் கட்டணம் சிறியது. எதற்கு உரிமை என்று சொல்லும் கோரிக்கைகளை எழுதும் பேட்டண்ட் முகவரின் கூலிதான் பெரியது. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும்.

தற்காலிக விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. வரைபடம், அளவுகளின் வரம்பு, மாற்று வடிவங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே போடுங்கள்.

இப்போதைய பொருளுக்கு உண்மையில் கைகொடுப்பது வடிவமைப்புப் பதிவு, அதாவது டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன். தனிநபருக்கு 1,000 ரூபாய், 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தோற்றத்தை மட்டுமே காக்கும், வேலை செய்யும் முறையைக் காக்காது. ஆனால் இங்கே படம் போடவில்லை என்பதைக் கவனித்தேன். போட வேண்டாம். ஒரே துண்டு வடிவம் முடிவானதும், மூடியின் வளைவு, வரிகள், விளிம்பு என்று கண்ணுக்குத் தனித்துத் தெரியும் ஒரு தோற்றம் கொடுத்து, எங்கேயும் காட்டும் முன் பதிவு செய்யுங்கள். அச்சு அசலாக நகல் எடுப்பவரை அது தடுக்கும்.

பெயரையும் பதியுங்கள், தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். 'எறும்புத்தடை' என்று வைத்தால் பொருளை விவரிக்கும் சொல் என்று மறுப்பார்கள். புதிதாக ஒரு சொல் உருவாக்குங்கள்.

இன்னொன்று, மற்றவர் பேட்டண்டில் நீங்கள் மாட்டாமல் இருக்க வேண்டும். இன்பாஸ் என்ற இந்தியத் தேடுதளத்திலும் கூகுள் பேட்டண்ட்ஸிலும் ஏ01கே 47 என்ற தேன்பெட்டி வகுப்பையும் ஏ01எம் 29 என்ற, உயிரினங்களை விரட்டும், தடுக்கும் சாதன வகுப்பையும் பாருங்கள். வெளிநாட்டில் மட்டும் உள்ள பேட்டண்ட் இங்கே செய்து இங்கே விற்பதைத் தடுக்காது. இந்தியாவில் உயிரோடு இருப்பதா என்பதை மட்டும் உறுதிசெய்தால் போதும்.

திற்பரப்பு_தேன்

ரெண்டு பேருக்கும் நன்றி. போன மாசம் எங்க தேன் குரூப்புல ஒரு வீடியோவும் போட்டிருந்தேன், கையால செஞ்ச ரெண்டு பாதி மாடல். குரூப்புல 200 பேருக்கு மேல உண்டு. அதனால டிசைன் பதிவும் போச்சா?

படிவம்_எழுதுபவர்

இரகசியம் காப்போம் என்று ஒப்புக்கொள்ளாத 200 பேருக்குக் காட்டியது வெளியீடாகவே எடுத்துக்கொள்ளப்படும். வீடியோவில் தெரிந்த தோற்றம் போயிற்று. புதிய ஒரே துண்டு வடிவம் அதிலிருந்து கண்ணுக்குத் தெளிவாக வேறுபட்டால் அதைப் பதியலாம். மோல்டு விலை கேட்கப் போகும்போதும் ஒரே தாளில் எழுதிய இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு வரைபடம் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை_மார்த்தாண்டம்

மோல்டும் பதிவும் அவங்க சொல்லிட்டாங்க. காசு கணக்கை நான் சொல்லுதேன்.

விலையைச் செலவுல இருந்து மேல கூட்டிட்டு வராதீங்க. தேன் விவசாயி எவ்வளவு குடுப்பாரோ அதுல இருந்து கீழ இறங்குங்க. 150 ரூபாய் எம்ஆர்பின்னு வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிரிச்சா மிஞ்சுறது 127. தேன்பெட்டி சாமான் விக்கிற கடைக்கு அதுல 25 சதவீதம், 32 ரூபாய் போச்சு, 95. வண்டி வாடகை, உடைசல், திரும்பி வர்றது எல்லாத்துக்கும் 8 வைங்க, 87.

இனி செலவு. மோல்டுகாரர் சொன்ன அளவுக்கு கிண்ணம் சுமார் 100 கிராம் வரும். பிளாஸ்டிக் கிலோ 120ன்னா 12 ரூபாய், அடிக்கிற கூலி 7, மூடி 16, ரெண்டு புஷ் 12, பையும் லேபிளும் 4. மொத்தம் 51. எண்ணம் ஒண்ணுக்கு 36 ரூபாய் கையில நிக்கும். இந்த விலை எல்லாம் கணக்குக்கு வச்சது, நீங்க வாங்குற கொட்டேஷனை வச்சு மாத்திக்கோங்க. போடுற முறைதான் முக்கியம்.

கிண்ண மோல்டு 3 லட்சம், ரப்பர் மோல்டு 40 ஆயிரம், மூடிக்கு அச்சு 25 ஆயிரம்னா 3,65,000. அதை 36ஆல வகுத்தா 10,100 எண்ணத்துக்கு மேல வித்தாத்தான் முதல் திரும்பும். ஆளுக்கு 100 பெட்டி வச்சிருக்கிற 100 பேர், எல்லாப் பெட்டிக்கும் வாங்கணும். அப்படி 100 பேரை உங்களுக்குப் பேர் சொல்லி எழுத முடியுமா? முடியும்னா இது தொழில். இல்லன்னா இன்னும் தேடணும்.

அதே பொருளை 180க்கு வித்துப் பாருங்க. வரி போக 152, கடைக்கு 38, வண்டிக்கு 8, செலவு 51 போக 55 நிக்கும். 6,600ல முதல் திரும்பிரும். 30 ரூபாய் கூட்டினதுக்கு 3,500 எண்ணம் குறையுது. 150லேயே கடை இல்லாம நேரா வித்தா 68 நிக்கும், 5,400 போதும். அதனாலதான் விலையை முதல்லயே பயந்து குறைச்சு வைக்கக்கூடாதுன்னு சொல்லுறது. பின்னால கூட்டுனா கடைக்காரரும் சண்டைக்கு வருவார், விவசாயியும் வருவார்.

உங்க போட்டி வேற கம்பெனி இல்ல. பழைய டப்பாவும் கிரீஸ் துணியும்தான், அதுக்கு விலை பூஜ்யம். 180 ரூபாய்க்கு என்ன காரணம்னு காட்ட எண்ணிக்கை வேணும். ஒரே தோட்டத்துல 30 பெட்டிக்கு உங்க கிண்ணம், 30 பெட்டிக்குப் பழைய முறை. ரெண்டையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கலந்து வைங்க, ஒரு பக்கம் மொத்தமா வச்சா நிழலும் எறும்புப் புத்தும் கணக்கைக் கெடுத்திரும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை வாரம் ஒரு நாள் எறும்பு தாண்டுச்சா, எண்ணெய் எவ்வளவு நிக்கி, எந்தப் பெட்டி காலியாச்சுன்னு எழுதுங்க. தோத்ததையும் எழுதுங்க.

அதோட, 40 எண்ணத்தைச் சும்மா குடுத்திருந்தா அது விற்பனை இல்ல. அடுத்த 20ஐ முழு விலைக்கு வித்துப் பாருங்க. நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, காசு எடுக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் மறுபடி கேட்டா மோல்டுக்குப் போங்க.

காலமும் முக்கியம். நம்ம பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வர்ற ஜனவரியில இருந்து மார்ச் வரைதான் தேன் கொட்டும். தேன் வித்துக் காசு கையில இருக்கிறது ஏப்ரல், மே. ஜூன்ல மழை. அப்ப ஏப்ரல் முதல் வாரம் கடையில சரக்கு இருக்கணும். மோல்டுக்கு 6, 8 வாரம், டிரையல் பார்த்துத் திருத்த இன்னும் 3 வாரம், அடிக்க, பை போட 2 வாரம். டிசம்பர் கடைசிக்குள்ள ஆர்டர் குடுக்கலன்னா ஒரு வருஷம் போச்சு; சரக்கு குடோன்ல, காசு அதுக்குள்ள.

ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் வித்தா வருஷம் 40 லட்சம் வரை பதிவு கட்டாயம் இல்ல. ஆனா களியக்காவிளை தாண்டி பாறசாலையில ஒரு கடைக்குச் சரக்கு போட்டா அது வேற மாநிலம், முதல் பில்லுக்கே பதிவு வேணும். உங்க பொருளுக்குக் கேரளாவுல ஆள் இருக்கு, அதனால முதல்லயே எடுத்துருங்க. பதிவு இருந்தா மோல்டுக்குக் கட்டுன 54 ஆயிரம் வரியும் உள்ளீட்டு வரியா கழியும், இல்லன்னா அது செலவுதான். பிளாஸ்டிக் சாமான்னு 3926ங்கிற ஜிஎஸ்டி பொருள் குறியீட்டுல போட்டா 18 சதவீதம். தேனீ வளர்ப்பு இயந்திரம்னு 8436ல போட்டா வரி குறைவுன்னு யாராவது சொல்லுவாங்க. இது இயந்திரமான்னு ஆடிட்டர்கிட்ட எழுத்துல கேளுங்க, பிறகு வித்தியாசத்தையும் வட்டியையும் கட்டுற மாதிரி ஆகக்கூடாது.

பையில அடைச்சு விக்கிறதால லேபிள்ல செஞ்சவர் பேர் முகவரி, பொருள் பேர், எண்ணிக்கை, செஞ்ச மாசம் வருஷம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்ல தொடர்பு எல்லாம் இருக்கணும். பேக்கர் பதிவு (பையில அடைக்கிறவர் எடுக்குற பதிவு), அடைக்கத் தொடங்கி 90 நாளுக்குள்ள. கடையில சோதனை வந்தா இது இல்லாத சரக்கைத்தான் முதல்ல எடுப்பாங்க, அந்தக் கடை பிறகு உங்களை உள்ளயே விடாது.

கடன் வேணும்னா நாகர்கோவில் கோணத்துல மாவட்டத் தொழில் மையம் இருக்கு. பிஎம்இஜிபிங்கிற மத்திய அரசு சுயதொழில் மானியத் திட்டத்துல உற்பத்திக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். கிராமப்புறத்துல பொதுப்பிரிவுக்கு 25, சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம். புதுத் தொழிலுக்கு மட்டும்தான். மோல்டு வெட்டி, பில் போட்டு வித்துட்டு அப்புறம் போனா பழைய யூனிட்னு தள்ளிருவாங்க. மானியமும் 3 வருஷம் வங்கியிலேயே வைப்பா கிடக்கும், அதைக் கைக்காசா கணக்குல எழுதாதீங்க.

மோல்டுகாரர்

கணக்குப்பிள்ளை மூடிக்கு 25 ஆயிரம் என்று எழுதியது வேக்கம் ஃபார்மிங்குக்கு, அது சரியான வழி. ஏன் என்றால், 160 மி.மீ. கிண்ணத்தின் பரப்பு 201 சதுர செ.மீ.; பிபிக்குச் சதுர செ.மீ.க்கு 0.3 முதல் 0.4 டன் என்றால் 60 முதல் 80 டன் அழுத்தம். 220 மி.மீ. மூடி 380 சதுர செ.மீ., அதற்கு 115 முதல் 150 டன். பெரிய இயந்திரம், பெரிய மணிக்கூலி, பெரிய மோல்டு. தகடைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சவைத்தால் எண்ணம் ஒன்றுக்கு விலை கூடினாலும் முதல் குறையும். 10 ஆயிரம் தாண்டிய பிறகு மூடிக்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டு பார்க்கலாம்.

மோல்டுக்கு முந்தைய அந்தச் சோதனை எண்ணங்களை எதில் செய்வது? 3டி பிரிண்டில் பிஎல்ஏ வேண்டாம், 60 டிகிரி அருகே இளகிவிடும். வெயிலில் நிற்கும் கருப்புக் கிண்ணம் கோணிப்போகும். கடையில் வாங்கிய பிபி கிண்ணத்தை வெட்டி ஒட்டினாலும் பிபியில் சாதாரணப் பசை நிற்காது. இங்கே நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது: கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளம் கட்டும், பழுது பார்க்கும் பட்டறைகள். மரத்தில் ஒரு மாதிரி கடைந்து, சரிவை மட்டும் 3 டிகிரி ஆக்கி, மெழுகு பூசிக் கொடுத்தால் ஃபைபரில் 50, 100 எண்ணம் எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். வெயில், மழை, கசிவு, அளவு எல்லாவற்றையும் சோதிக்க அது போதும். சொரசொரப்புப் பக்கம் எறும்புக்குப் பிடிமானம் தரும் என்பதால் வழவழப்பான பக்கம் வெளிச்சுவரில் வரும்படி பெண் அச்சில் எடுக்கச் சொல்லுங்கள்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளத்தின் பரப்பு சுமார் 157 சதுர செ.மீ. தண்ணீரை 3 செ.மீ. ஊற்றி மேலே 3 மி.மீ. எண்ணெய் விட்டால் 50 மி.லி. போதும். தண்ணீர் ஆவியாகாது, கொசுப்புழுவும் வராது. வெறும் தண்ணீர் என்று விட்டால் டெங்கு காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு கொசுத்தொட்டி. பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றச் சொல்லாதீர்கள். தேன் உணவுப் பொருள். இதைத் துண்டுச்சீட்டில் படத்தோடு அச்சிடுங்கள், புல்லும் கிளையும் பெட்டியைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து. கிண்ணம் சரியாக இருந்தும் ஒரு புல் சாய்ந்தால் உங்கள் பொருள்தான் கெட்ட பெயர் வாங்கும்.

திற்பரப்பு_தேன்

தெளிவாயிருச்சு. வீடியோவை எடுத்துட்டேன், ஒரே துண்டுக்கு மாத்துறேன், இந்த மழைக்கு ஃபைபர்லயே 60 பெட்டி சோதனை. கடைசியா ஒண்ணு: மோல்டு செய்றவர்கிட்ட ஒப்பந்தம் எப்படிப் போடணும்? காசு முழுக்க முதல்லயே கேக்குறாங்க.

மோல்டுகாரர்

முழுவதும் கொடுக்காதீர்கள். ஆர்டரோடு 50, முதல் டிரையல் மாதிரி வந்ததும் 30, திருத்தம் முடிந்து நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரிக்குப் பிறகு 20 சதவீதம் என்பது நியாயமான பங்கு. அந்தக் கடைசி 20தான் திருத்தங்களைச் செய்யவைக்கும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: ஒரு கேவிட்டி (ஒரு முறைக்கு ஒரு கிண்ணம்), எந்த இரும்பு, எத்தனை ஷாட் (அடிப்பு) உத்தரவாதம், கேட் இடம், பொருளின் எடை 100 கிராமுக்கு மேல் எத்தனை கிராம் வரை கூடலாம், ஒரு ஷாட்டுக்கு எத்தனை விநாடி. உங்கள் 10, 20 ஆயிரம் எண்ணத்துக்கு சி45 இரும்பு போதும், பி20 கேட்டு விலையை ஏற்றிக்கொள்ள வேண்டாம். எடையும் விநாடியும் எழுத்தில் இல்லாவிட்டால், சுவர் தடித்து 115 கிராம் வந்தாலும் உங்களால் ஒன்றும் கேட்க முடியாது. எண்ணம் ஒன்றுக்கு 1.80 ரூபாய், 10 ஆயிரத்துக்கு 18 ஆயிரம் போகும்.

மோல்டு யாருடையது என்பது தனி வரியாக இருக்கட்டும். மோல்டின் மேல் உங்கள் பெயரையும் எண்ணையும் செதுக்கச் சொல்லுங்கள். அடிக்கும் இடத்தில் வைக்கும்போது டெலிவரி சலான் போட்டு, கேட்ட நாளிலிருந்து 7 நாளில் திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் அதில் அடிக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்குங்கள். 3டி கோப்பையும் மோல்டு வரைபடத்தையும் கடைசித் தவணைக்கு முன் வாங்கிவிடுங்கள். மோல்டில் ஒரு பின் (ஊசி) உடைந்தால் வரைபடம் இல்லாமல் வேறு பட்டறை தொடாது.

டிரையலுக்கு நேரில் போங்கள். முதல் பத்து ஷாட்டைத் தள்ளிவிட்டு அடுத்த பத்தை எடுத்து, 24 மணிநேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும். பிபி அடித்த பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும், சூடாக அளந்தால் புஷ் தளர்வாகவே தெரியும். பிறகு பத்திலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் காகிதத்தில் ஈரம் இருந்தால் அந்தக் கிண்ணத்தில் ஈரம் கண்ட இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு அவரிடமே கொடுங்கள், எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.